சூடு ஆறோணும்

ஆகன் நகரத்தில் என் முதல் வகுப்பு முடிந்ததும் அரங்கில் இருந்த எல்லோரும் விரல் முட்டிகளால் மேசையைத் தட்டினார்கள். ஜெர்மனியில் பேராசிரியருக்கு நன்றி சொல்வது இப்படித்தான் என்று பக்கத்தில் இருந்தவன் சொன்னான். நானும் தட்டினேன். அந்த ஒன்றரை மணி நேரத்தில் பாதி எனக்குப் புரியவில்லை. கேள்வி உண்டா என்று அவர் மூன்று முறை நிறுத்திக் கேட்டார். மூன்று முறையும் நான் குனிந்து நோட்டில் ஏதோ எழுதுவதுபோல் இருந்தேன். முதல் ஆண்டில் எனக்கு நடந்தவை எல்லாமே அந்தக் குனிதலில் இருந்துதான் தொடங்கின.

2023 அக்டோபரில் வந்தேன். கோயம்புத்தூர் கணபதியில் அப்பாவுக்கு இரண்டு லேத் உள்ள பட்டறை, பம்பு கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். இங்கே அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் படிப்புக் கட்டணம் இல்லை; பருவத்துக்கு அப்போது ஏறக்குறைய 300 யூரோதான், அதிலேயே ரயில் பாஸும் அடக்கம். ஆனால் அந்த ஆண்டு விசாவுக்கு 11,208 யூரோவை முடக்கக் கணக்கில் முன்கூட்டியே கட்டிக் காட்ட வேண்டியிருந்தது. அது மாதம் 934 யூரோவாக என் கைக்குத் திரும்பி வந்தது. அந்தப் பணத்துக்காக அப்பா வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்தார். அந்தக் கணக்கை ஒருநாள்கூட நான் மறந்ததில்லை.

முகவரிப் பதிவு, காப்பீடு, குப்பையை நான்காகப் பிரிப்பது, டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடுவது எல்லாம் இரண்டு மாதத்தில் பழகிவிட்டன. படிப்பு மட்டும் பழகவில்லை.

ஊரில் நான் நன்றாகப் படித்தவன். இரண்டு மதிப்பெண் கேள்வி பத்து, பதின்மூன்று மதிப்பெண் கேள்வி ஐந்து என்று வரும் தாளுக்கு எப்படித் தயாராவது என்று எனக்குத் தெரியும். பழைய வினாத்தாள்களைச் சேர்ப்பேன், வரையறையை மனப்பாடம் செய்வேன், படம் போட்டுப் பக்கம் நிறைய எழுதுவேன். உழைப்பில் குறை வைத்ததில்லை. ஆனால் வகுப்பில் எழுந்து "புரியவில்லை" என்று சொன்னது கிடையாது. சொன்னவனுக்கு "இதுகூடத் தெரியாதா" என்ற பதில் கிடைத்ததைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். ஆகனில் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள் என்பது கண்முன்னே தெரிந்தது. ஒரு ஜெர்மன் மாணவி கையை உயர்த்தி, "மூன்றாவது வரியில் இருந்தே எனக்குப் புரியவில்லை" என்பாள், பேராசிரியர் பலகையை அழித்துவிட்டு மறுபடி தொடங்குவார். பார்த்துக்கொண்டே இருந்தேன். என் கை மட்டும் எழவில்லை.

பிப்ரவரியில் உற்பத்தி அளவியல் தேர்வு; செய்த துண்டு சொன்ன அளவில் இருக்கிறதா என்று அளந்து பார்க்கும் பாடம் அது. ஒரு கேள்வி இது: உருக்கு வளையம் ஒன்றில் 100 மில்லிமீட்டர் துளை, ஹெச்7 பொருத்தம். அதாவது துளை 100-க்குக் குறையக் கூடாது, கூடினால் 35 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று. எந்திரத்தில் இருந்து இறக்கியவுடன் அளந்தபோது 100.010. மறுநாள் காலையில் அதே கருவியால் அளந்தபோது 99.993. முதல் அளவில் தேறிய துண்டு இரண்டாம் அளவில் தேறவில்லை. எந்த அளவை ஏற்பீர்கள், ஏன்?

அளவீட்டு ஐயப்பாட்டின், அதாவது ஓர் அளவு எவ்வளவு தவறாக இருக்கலாம் என்று கணக்கிடும் சூத்திரத்தை இரண்டு பக்கத்துக்கு வருவித்து எழுதினேன். ஒவ்வொரு குறியீடும் சரி. எழுந்து வரும்போது நிம்மதியாக இருந்தது. அன்று இரவு அப்பா, "என்ன சாமி, பரீச்ச எப்படி?" என்று கேட்டதற்கு, "நல்லா எழுதியிருக்கறனுங்கப்பா" என்றேன்.

மார்ச்சில் முடிவு வந்தது. இங்கே 1.0 தான் உச்சம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. எனக்கு 5.0. ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்புகள்தான். மூன்றாவதிலும் விழுந்தால் அந்தப் படிப்பையே விட்டுவிட வேண்டும். முடிவு வரவில்லை என்று அப்பாவிடம் மூன்று வாரம் பொய் சொன்னேன். அவர் நம்பினார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இங்கே திருத்திய விடைத்தாளை மாணவன் உட்கார்ந்து பார்க்க ஒரு நாள் ஒதுக்குவார்கள். போகவேண்டாம் என்றே இருந்தேன். அறைத்தோழன் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அனுப்பினான். தாளைத் திறந்தேன். என் இரண்டு பக்கச் சூத்திரத்தில் ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. கீழே ஓரத்தில் ஜெர்மனில் ஒரே ஒரு சொல்: "டெம்பெராட்டூர்?" வெப்பநிலை?

என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஆய்வு உதவியாளரிடம், வாழ்க்கையில் முதல் முறையாக, "இது எனக்குப் புரியவில்லை, சொல்லித் தாருங்கள்" என்றேன். அவர் பேனாவை எடுத்து ஒரு வரி எழுதினார். உருக்கு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 11.5 மைக்ரான் விரியும். இறக்கியவுடன் வளையம் கருவியைவிட 15 டிகிரி சூடாக இருந்திருந்தால், 100 மில்லிமீட்டரில் 17 மைக்ரான். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம் அப்படியே அதுதான். நீள அளவுகள் எல்லாம் 20 டிகிரியில்தான் செல்லும் என்று 1931-லேயே உலக அளவில் முடிவுசெய்துவிட்டார்கள். இதை நான் மனப்பாடமாகவே அறிவேன், இரண்டு மதிப்பெண் கேள்வியாக. ஏன் என்று மட்டும் யாரையும் கேட்டதில்லை.

வெளியே வந்து, மழையில் ஒரு கடை வாசலில் ஒதுங்கி அப்பாவைக் கூப்பிட்டேன். ஃபெயில் என்றேன், பொய் சொன்னதையும் சொன்னேன். அந்தப் பக்கம் லேத் ஓடும் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "என்ன கேள்வி கண்ணு?" என்றார்.

கேள்வியைச் சொல்லி முடிக்கும் முன்பே அவர் சொன்னார்: "எறக்குன உடனே அளந்தா அளவு ஏமாத்தும் சாமி. சூடு ஆறோணும். பேரிங் ஹவுசிங்க நான் ராத்திரி மேச மேல வெச்சுட்டு காலைல வந்துதான அளக்கறன். நீ பாத்ததில்லையா?"

பார்த்திருக்கிறேன். பள்ளி விடுமுறையில் எல்லாம் அந்தப் பட்டறையில்தான் இருந்தேன். ஏன் ராத்திரி முழுக்கச் சும்மா வைக்கிறீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்திய மனிதரிடம் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்திருக்கிறேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

ஜூனில் ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் தேருக்குப் போனேன். ஆகனில் ஏறும் ஆர்.இ.1 ரயில் கொலோன், டியூசல்டார்ஃப், டார்ட்முண்ட் வழியாக ஹாம் வரை போகிறது, ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஈழத் தமிழர்கள் எழுப்பி 2002-இல் குடமுழுக்கு நடத்திய கோயில். தொழிற்சாலைகளுக்கு நடுவே கோபுரம் தெரிந்ததும் தொண்டை அடைத்தது. அன்னதான வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஐயா எங்கே படிக்கிறேன் என்று விசாரித்தார். அவர் எண்பதுகளில் வந்தவர்.

"பாஷை ஒண்டும் விளங்கேல்லை தம்பி. வேலையில எல்லாத்துக்கும் 'யா, யா' எண்டு தலையாட்டிக்கொண்டு நிண்டனான். ஒருநாள் பிழையான பட்டனை அமத்தி மிசின் நிண்டு போச்சு. அதுக்குப் பிறகுதான் 'எனக்கு விளங்கேல்லை' எண்டதை டொச்சில சொல்லப் பழகினனான்."

அவர் அகதியாக வந்து, எந்தப் பத்திரமும் அடமானம் வைக்க இல்லாமல் பழகிய பாடம் அது. என் கஷ்டத்தை அதோடு ஒப்பிட எனக்கு மனம் வரவில்லை. சோற்றை வாங்கிக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

கோடைப் பருவத்தில் கையை உயர்த்தினேன். முதல் தடவை குரல் நடுங்கியது. பேராசிரியர் வேறொரு உதாரணம் எடுத்தார், பின்வரிசையில் இரண்டு பேர் அவசரமாகக் குறிப்பெடுப்பது தெரிந்தது. ஆகஸ்டில் அந்தத் தேர்வை மறுபடி எழுதி 2.3 எடுத்தேன். செப்டம்பரில் ஓர் அளவியல் ஆய்வகத்தில் மாணவ உதவியாளர் வேலை கிடைத்தது. இரவும் பகலும் 20 டிகிரியிலேயே வைத்திருக்கும் அறை அது. வரும் துண்டுகளைத் துடைத்துக் கருங்கல் மேசையில் வைத்து, அவை அறையின் சூட்டுக்கு வரும் வரை காத்திருப்பதுதான் என் முதல் வேலை.

முதல் நாள் முடிந்து வந்து அப்பாவிடம் இதைச் சொன்னேன். மேசை என்ன கல், எத்தனை மணி நேரம் விடுகிறார்கள், யார் அளக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நானும் அவரிடம் கேட்டேன்: கருவி எதுவும் இல்லாமல், ஆறிவிட்டது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

"பொறங்கைய வெச்சுப் பாப்பேன் கண்ணு. உள்ளங்கை காச்சுப் போச்சு, அதுக்குச் சூடு தெரியறதில்ல" என்றார். "சரி, போன வெக்கட்டுமா? நாளைக்கு அனுப்பற ஹவுசிங்க இன்னும் மேசைல எடுத்து வெக்குல."