வேகத்தைக் குறைத்தது யாருக்காக?

அந்த மாணவிக்கு நான் சொன்ன பதிலில் பிழை எதுவும் இல்லை. எந்த இயந்திரவியல் ஆசிரியரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார். இருந்தும், மலேசியாவின் பினாங்குப் பாலத்தில் வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும் மாலைகளில் அவள் கேள்வி மறுபடியும் வந்துவிடுகிறது.

பாடம், இயக்க அமைப்புகளின் வேகக் கட்டுப்பாடு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குப் போகவிருக்கும் பிள்ளைகளுக்கு அதை விளக்க நான் வழக்கமாகக் காட்டுவது செக்கோஸ்லோவாக்கியாவின் ஸ்கார்ப்பியன், 1961ஆம் ஆண்டு மாடல், கையடக்கமான துணை இயந்திரத் துப்பாக்கி. கம்பியாலான தோள்தாங்கியை மேலே மடித்துவிட்டால் நீளம் 27 சென்டிமீட்டர். பள்ளிப் பிள்ளையின் அளவுகோலைவிடக் குட்டை. எடை ஏறத்தாழ 1.3 கிலோ. பெரிய துப்பாக்கியைச் சுமக்க வசதியில்லாத வாகன ஓட்டுநர்களும் பாதுகாப்புப் படையினரும் இடுப்பில் மாட்டிக்கொள்வதற்காக மிரோஸ்லாவ் ரிபார் வடிவமைத்தது.

இவ்வளவு சிறிதாக்கினால் ஒரு சிக்கல் வரும். அதுதான் பாடத்தின் உயிர். தோட்டா சிறியது, 7.65 மில்லிமீட்டர் பிரௌனிங். அதற்கேற்ப போல்ட்டும், அதாவது தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி, சுட்டதும் பின்னால் ஓடித் திரும்பும் உறுப்பும், இலகு. அது பின்னால் ஓடித் திரும்ப இடமும் குறைவு. விட்டால் நிமிடத்துக்கு ஆயிரம் தோட்டா என்ற வேகத்தில் சுடும். தோட்டாக்களை அடுக்கிச் செருகும் பெட்டியான மேகசினில், பெரியதிலேயே இருப்பது 20தான். ஒன்றேகால் நொடிக்குள் தீர்ந்துவிடும், துப்பாக்கியின் வாயும் மேலே தூக்கிக்கொள்ளும். போல்ட்டைக் கனமாக்கினால் எடை கூடும், ஓட்டத்தை நீட்டினால் அளவு கூடும். ரிபார் இரண்டையும் தொடவில்லை. பின்னால் வரும் போல்ட்டை ஒரு கொக்கி பிடித்துக்கொள்கிறது. அதே வேளையில் போல்ட் ஒரு சிறிய எடைத்துண்டைத் தட்டிக் கைப்பிடிக்குள் இறக்கிவிடுகிறது. மேகசின், சுட விரலால் இழுக்கும் விசைக்கு முன்னால் செருகப்படுவதால் கைப்பிடியின் உட்புறம் காலியாகத்தான் இருக்கிறது. துண்டு அதற்குள் இறங்கி, ஸ்பிரிங்கை அழுத்தி, திரும்ப மேலே ஏறிவந்து கொக்கியைத் தள்ளினால்தான் போல்ட்டுக்கு விடுதலை. அந்தப் போக்குவரத்துக்கு ஆகும் நேரமே தாமதம். வேகம் 850 அளவுக்கு இறங்கிவிடுகிறது.

அழகான தீர்வு என்று வகுப்பில் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

வகுப்பு கலைந்த பிறகு அவள் வந்தாள். பாடம் மலாயிலும் ஆங்கிலத்திலும். தனியாகப் பேசும்போது மட்டும் தமிழ்.

“சார், வேகத்தைக் குறைத்தது யாருக்காக?”

“சுடுகிறவருக்காக, அம்மா. துப்பாக்கி கைக்கு அடங்கினால்தான் அடுத்தடுத்த தோட்டாவும் குறியில் படும்.”

“அப்படியென்றால், மெதுவாகச் சுட்டால் அதிகமாகப் படும்.”

“ஆமாம்.”

அவள் தலையாட்டினாள். “அப்பா லிட்டில் இந்தியாவில் நகைக்கடை வாசலில் காவலுக்கு நிற்கிறார், சார். துப்பாக்கியைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேச மாட்டார். அதனால்தான் கேட்டேன்” என்று சொல்லிவிட்டு நன்றி கூறிப் போய்விட்டாள்.

அவள் என்னைக் குறை சொல்லவில்லை. குரலில் அப்படி எதுவும் இல்லை. என்னை உறுத்துவது அந்த “ஆமாம்”. அதை நான் எவ்வளவு எளிதாகச் சொன்னேன் என்பது.

எனக்கும் நியாயம் உண்டு. ஒரு துப்பாக்கியின் உறுப்பை இன்னொன்றில் அப்படியே பொருத்தும் உற்பத்தி முறை 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க அரசின் ஆயுதச் சாலைகளில்தான் வளர்ந்தது. எங்கள் பிள்ளைகள் நாளை வேலைக்குப் போகும் ஒவ்வொரு தொழிற்சாலையும் அந்த முறையின் மேல்தான் நிற்கிறது. ஆயுதத்தை மறைத்துவிட்டு இயந்திரவியலின் கதையைச் சொன்னால் அது பாதிக் கதை. இன்னொன்று, இந்த அமைப்பில் ஒவ்வொரு உறுப்பும் ஏன் இருக்கிறது என்பது படத்தைப் பார்த்ததுமே விளங்கிவிடும். அப்படிப்பட்ட எடுத்துக்காட்டு எளிதில் அமையாது.

ஆனால் பாதிக் கதை என்று சொல்லும் நான் மற்றப் பாதியைச் சொன்னேனா? 1978 மே 9ஆம் தேதி ரோமாபுரியில் நிறுத்தியிருந்த ஒரு காரின் பின்பகுதியில் இத்தாலியின் முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோவின் உடல் கிடந்தது. அவரைச் சுட்ட ஆயுதங்களில் ஒன்று ஸ்கார்ப்பியன். ரிபார் 1970இலேயே இறந்துவிட்டார். அவருக்கு இது தெரிய வழியில்லை. எனக்குத் தெரியும். வேகக் கட்டுப்பாட்டுப் பாடத்தில் அதற்கு இடமில்லை என்று விட்டுவிட்டேன். இடமில்லை என்பது உண்மைதான். அதற்கு மேல் யோசிக்காமல் இருக்க அந்த உண்மை எனக்கு வசதியாகவும் இருந்தது.

சக ஆசிரியர் ஒருவருக்கு இதில் தயக்கமே இல்லை. குற்றம் செய்யும்போது துப்பாக்கியால் சுட்டாலே தூக்கு என்று 1971ஆம் ஆண்டின் சட்டம் வைத்திருந்த நாடு இது. கட்டாய மரண தண்டனை 2023இல்தான் நீங்கியது. இங்கே வகுப்பறையில் துப்பாக்கிப் படம் எதற்கு என்றார். அவர் பேச்சு நியாயமானது. ஆனால் என் கவலை சட்டத்தைப் பற்றியது இல்லை.

அடுத்த தவணையில் அதை எடுத்துவிட்டு, கதவு தானாக மெல்ல மூட உதவும் எண்ணெய்த் தணிப்பானை வைத்தேன். பிள்ளைகள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். தேர்விலும் குறையில்லை. ஆனால் இது யாருக்காக என்று ஒருவரும் கேட்கவில்லை. கதவைப் பார்த்தால் அந்தக் கேள்வி ஏன் வரப்போகிறது? நாளை ஏதோ ஓர் இயந்திரத்துக்கு, ஏதோ ஒரு நாட்டுக்குப் போகும் உறுப்பைச் செய்யப்போகிறவர்கள் இவர்கள். வரைபடத்தில் அளவு இருக்கும், அந்த அளவில் எவ்வளவு பிசகலாம் என்ற பொருத்த விலக்கம் இருக்கும். எதற்கு என்பது மட்டும் இருக்காது. அவர்களை அந்தக் கேள்வியைக் கேட்க வைத்தது என் பாடத்திலேயே அந்தத் துப்பாக்கி ஒன்றுதான். அதைத்தான் நான் எடுத்துவிட்டேன்.

திரும்ப வைத்தால் அந்தக் கேள்விக்காக வைக்கிறேனா, அந்த அமைப்பின் மேல் எனக்குள்ள பிரியத்துக்காக வைக்கிறேனா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வரும் தவணையின் பாடக்குறிப்பில் இப்போதைக்கு இரண்டும் இருக்கின்றன, துப்பாக்கியும் கதவும். மோரோவைப் பற்றி ஒரு பத்தி எழுதிச் சேர்த்தேன். அதைப் போல்ட்டின் படத்துக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.