கையெழுத்துப் போட அரை மணி, சரிபார்க்க வைக்க ஆறு வாரம்

மேட்டூர் அணை திறந்த வாரத்தில்தான் அந்த மெயில் வந்தது. ஆகஸ்ட் 1 முதல் டிஜிட்டல் கையெழுத்தில்லாத கன்டெய்னர் இமேஜ் (ஓடத் தேவையானதெல்லாம் சேர்த்துக் கட்டிய மென்பொருள் பொட்டலம்) எதுவும் தங்கள் கிளஸ்டரில், அதாவது அதை ஓட்டும் கணினிக் கூட்டத்தில், ஓடாது என்று சென்னையில் இருக்கும் எங்கள் பெரிய வாடிக்கையாளர் நிறுவனம் ஒரே வரியில் எழுதியிருந்தது. நாங்கள் கும்பகோணத்தில் ஒரு மாடியறையில் நாலு பேர். அரிசி ஆலைகளுக்கு நெல் வரவு, எடை, இருப்பு பார்க்கும் மென்பொருள் செய்கிறோம். வருமானத்தில் பாதி அந்த ஒரு இடத்திலிருந்துதான். ஆறு வாரம் இருக்கிறதே, பார்த்துக்கொள்ளலாம் என்று மெயிலை மூடிவிட்டுக் காபி குடிக்கப் போனேன்.

கோசைனை (பள்ளிக்கூட முக்கோணவியல் இல்லை, சிக்ஸ்டோர் திட்டத்தின் கருவி) நிறுவி முதல் இமேஜில் கையெழுத்துப் போட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சாவி ஜோடி உருவாக்கி அதைக் காபந்து பண்ணும் தலைவலி வேண்டாம் என்று சாவியில்லா முறையை எடுத்துக்கொண்டேன். பிரவுசர் திறக்கும், கூகுள் கணக்கில் நுழைய வேண்டும், சிக்ஸ்டோரின் சான்றிதழ் சேவையான ஃபுல்சியோ பத்தே நிமிடம் செல்லும் ஒரு சான்றிதழ் தரும், கையெழுத்து ரெகோர் என்ற பொதுப் பதிவேட்டில் ஏறும். முதல் அடி இங்கேதான் வாங்கினேன். அவசரத்தில் என் சொந்த மெயில் கணக்கில் நுழைந்துவிட்டேன். கருவி கேட்கத்தான் செய்தது: இந்த விவரம் பொதுவில் பதிவாகும், பின்னால் நீக்க முடியாது, சம்மதமா என்று. படிக்காமல் ஒய் தட்டினேன். இப்போது என் மெயில் முகவரி, வில்லங்கச் சான்றில் ஏறிய அடமானம் மாதிரி, அங்கே நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது. அடமானத்தையாவது மீட்கலாம். சோதனைக்குக் கையெழுத்துப் போடுவதாக இருந்தாலும் அதற்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வேலையை, குறியீட்டிலிருந்து இமேஜைத் தானாகவே கட்டித்தரும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸுக்கு மாற்றினேன். வேலையின் படிகளை எழுதிவைக்கும் ஒர்க்ஃப்ளோ கோப்பில், ஆள் யார் என்று சான்று சொல்லும் ஐடி-டோக்கனுக்கு எழுத்து அனுமதி கொடுக்காமல் விட்டதில் அரை நாள் போனது, அவ்வளவுதான். ஒன்று மட்டும்: டேகைச் சொல்லிக் கையெழுத்துப் போடாதீர்கள், டைஜஸ்டைச் சொல்லிப் போடுங்கள். டேக் என்பது சாக்கின் மேல் எழுதிய பெயர். யாரும் அழித்துவிட்டு வேறு சாக்கில் எழுதலாம். டைஜஸ்ட் உள்ளே இருக்கும் நெல்லை வைத்தே கணக்கிட்ட 64 எழுத்து. ஒரு மணி மாறினால் மொத்தமும் மாறிவிடும்.

எங்கள் பக்கம் சரிபார்த்தால் பச்சை. அவர்களிடம் அனுப்பினால், 'இமேஜில் கையெழுத்து இல்லை. கையெழுத்திட்டு மீண்டும் அனுப்பவும்' என்று பதில். திரும்பப் போட்டு அனுப்பினேன், அதே பதில். மூன்றாம் முறை ரெகோர் பதிவு எண், படம் எல்லாம் இணைத்தேன். அதே இரண்டு வாக்கியம், கூடவே டிக்கெட் மூடப்பட்டது என்ற அறிவிப்பு. போன் போட்டால், 'டிக்கெட்டில் எழுதுங்க சார்.' எதில்? மூடிய டிக்கெட்டிலா?

நேரில் போய்விடுவோம் என்று உழவன் எக்ஸ்பிரஸில் ஏறினேன். காலையில் எழும்பூரில் இறங்கி, குளித்து, பத்து மணிக்கு அவர்கள் வாசலில் நின்றேன். லேப்டாப் உள்ளே வர வேண்டுமென்றால் முந்தைய நாளே அனுமதிக் கடிதம் வேண்டும் என்றார் காவலாளி. அதை வாசலிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு உள்ளே போனால், எந்த இமேஜை உள்ளே விடலாம் என்ற விதியை, அதாவது பாலிசியை, எழுதியவர் ஒரு வாரம் விடுப்பு. ஒரு நாள் சம்பளம், ரயில் கட்டணம், ஆட்டோ காசு எல்லாம் தண்டம் என்று எழுந்தபோது, அந்தக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண், 'சார், நாங்க உங்க இமேஜை அப்படியே ஓட்ட மாட்டோம், எங்க ரெஜிஸ்ட்ரிக்கு மாத்தி வச்சுத்தான் ஓட்டுவோம், அது உங்களுக்குத் தெரியுமா?' என்று கேட்டார். எனக்கு யாரும் சொல்லவில்லை.

விஷயம் அதுதான். நாங்கள் போட்ட கையெழுத்து இமேஜுக்குள் இல்லை. ரெஜிஸ்ட்ரியில், அதாவது இமேஜ்களைச் சேமிக்கும் கிடங்கில், அதன் பக்கத்திலேயே, டைஜஸ்டின் பெயரோடு 'சிக்' (sig) என்று முடியும் தனி டேகாக இருக்கிறது. அவர்களுடைய ஸ்கிரிப்ட் டாக்கர் என்ற கருவியால் இமேஜை இறக்கி, பெயர் மாற்றி, தங்கள் ரெஜிஸ்ட்ரியில் ஏற்றியது. கையெழுத்து எங்கள் ரெஜிஸ்ட்ரியிலேயே கிடந்தது. மணப்பெண்ணை அனுப்பிவிட்டுச் சீர்வரிசையைத் திண்ணையில் மறந்த கதை. கோசைனிலேயே இரண்டையும் சேர்த்து நகலெடுக்கும் காப்பி கட்டளை இருக்கிறது. ஸ்கிரிப்டில் ஒரு வரி மாறியது. அதற்கு அனுமதி வாங்க எட்டு நாள்.

இப்போது கையெழுத்து கிடைத்தது, ஆனால் அடையாளம் பொருந்தவில்லை என்று பிழை. 2023-இல் வந்த கோசைன் இரண்டாம் பதிப்பிலிருந்து, சாவியில்லாக் கையெழுத்தைச் சரிபார்க்கும்போது யார் போட்டது, அந்த அடையாளத்துக்குச் சான்று சொன்ன வழங்குநர் (கூகுள், கிட்ஹப் மாதிரி) யார் என்று இரண்டையும் சொல்லியே ஆக வேண்டும். அவர்கள் எங்கள் குறியீட்டின் மெயின் கிளையிலுள்ள ஒர்க்ஃப்ளோ முகவரியைக் கொடுத்திருந்தார்கள். எங்கள் வெளியீடுகள் கிட் டேகிலிருந்து (இமேஜ் டேக் இல்லை, குறியீட்டின் ஒரு பதிப்புக்கு வைக்கும் பெயர்) உருவாகின்றன, ஆகவே முகவரியின் கடைசித் துண்டு வேறு. இதை விளக்கி எழுதினேன். மறுநாளே 'சரிசெய்யப்பட்டது' என்று பதில் வந்தது. ஓடியது. கெடு முடிய ஐந்து நாள் இருந்தது.

எப்படிச் சரிசெய்தார்கள் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். கிளஸ்டர் வாசலில் காவல் நிற்கும் கைவெர்னோ என்ற கருவியின் பாலிசியில் அடையாளம், வழங்குநர் இரண்டு இடத்திலும் ரெகுலர் எக்ஸ்பிரஷனாக, அதாவது எழுத்து வடிவத்தைப் பொருத்திப் பார்க்கும் குறியாக, புள்ளி-நட்சத்திரம். அதாவது யாராக இருந்தாலும் சரி, உள்ளே வா.

அன்று சாயங்காலம் பாபநாசம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். அப்பா சம்பாவுக்கு சி.ஆர். 1009 விதை வாங்கி வந்து திண்ணையில் அடுக்கியிருந்தார். மூட்டையில் நீல அட்டை தொங்கியது. சான்று விதைக்கு நீலம், ஆதார விதைக்கு வெள்ளை, இது டெல்டாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்பா அட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறவர் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குவியல் எண், காலாவதி தேதி, கையெழுத்து எல்லாவற்றையும் வாசிப்பார். அட்டைதான் இருக்கே என்றேன். 'அட்டை எவன் வேணாலும் அடிப்பான் தம்பி' என்றார்.

பேசாமல் இருந்திருக்கலாம். எங்கள் இமேஜ் ஓடுகிறது, பணம் வரும். ஆனால் அந்தப் பாலிசியில் கூகுள் கணக்கு இருக்கிற யாரும் எதையும் கையெழுத்திட்டு உள்ளே தள்ளலாம், நாளைக்கு அதே கிளஸ்டரில் ஏதாவது ஆனால் முதலில் எங்களைத்தான் கேட்பார்கள். மெயில் எழுதினால் மறுபடியும் அந்த இரண்டு வாக்கியம்தான் வரும் என்று தோன்றியது. அந்தப் பெண்ணிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, 'வணக்கம்' என்று மட்டும் காட்டும் ஒரு உதவாக்கரை இமேஜைச் செய்தேன். பதிவேட்டில் ஏற்கெனவே மானம் போன என் சொந்த மெயிலாலேயே கையெழுத்துப் போட்டேன். அவர் அதைத் தங்கள் சோதனைக் கிளஸ்டரில் ஏற்றினார். கதவு திறந்தது. அந்தப் படத்தை அவர் தன் மேலாளருக்கு அனுப்பிய இரண்டு மணி நேரத்தில் பாலிசி மாறியது! எங்கள் ரெப்போ (குறியீட்டுக் கிடங்கு), எங்கள் ஒர்க்ஃப்ளோ, வெளியீட்டு டேக் வடிவம், வழங்குநராக கிட்ஹப் மட்டும். என் 'வணக்கம்' நிராகரிக்கப்பட்டது. நிராகரிக்கப்பட்டதற்கு ஸ்வீட் வாங்கிக் கொடுத்த ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இதனால் குறியீடு சுத்தம் என்று ஆகிவிடாது. 2020-இல் சோலார்விண்ட்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் விவகாரத்தில் வெளிவந்த கெட்ட அப்டேட்டுகளில் அந்த நிறுவனத்தின் முறையான கையெழுத்தே இருந்தது. எங்கள் ஒர்க்ஃப்ளோவுக்குள் யாராவது புகுந்தால் கோசைன் ஒன்றும் செய்யாது. கிட்ஹப்பில் யார் டேக் போடலாம் என்பதையும் அதே வாரம் இறுக்கினோம்.

ஆடிப்பெருக்கு கழிந்து ஒரு வாரம் இருக்கும். இரவு பத்தரைக்குப் போன். ஆலையில் எடைத் திரை வரவில்லை, லாரிகள் நிற்கின்றன. டிக்கெட்டைத் திறந்தால், 'இமேஜில் கையெழுத்து இல்லை. கையெழுத்திட்டு மீண்டும் அனுப்பவும்.' இந்தத் தடவை ரயில் ஏறவில்லை. அவர்கள் ரெஜிஸ்ட்ரியின் சுத்தம் செய்யும் விதியைக் காட்டச் சொன்னேன். ஏழு நாள் கடந்த டேகுகளில் பதிப்பு எண் வடிவில் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கும் விதி. கையெழுத்து டேக் பார்ப்பதற்குக் குப்பை மாதிரிதானே இருக்கும்? துடைத்துவிட்டது. ஓடிக்கொண்டிருந்த பாடுகளை (pod: கிளஸ்டரில் ஓடும் இமேஜ் பிரதி) அது பாதிக்கவில்லை. அன்று இரவு நோடுகளை, அதாவது கிளஸ்டரின் கணினிகளை, மறுதொடக்கம் செய்ததும், புதிதாக எழுந்த பாடுகள் வாசலிலேயே நின்றுவிட்டன. 'சிக்' என்று முடிவதைத் தொடாதே என்று விதிவிலக்கு போடச் சொல்லி, கையெழுத்தோடு மறுபடி நகலெடுத்தோம். பதினொன்றே காலுக்கு எடைத் திரை வந்தது.