அரிவாள் பிடியில் ஒளிந்திருந்த மாம்பால்

கையில் கொப்புளம் முதல் தடவை வந்தபோது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேதாரண்யம் பக்கத்து மணற்கொல்லையில் மாமரம் வைத்திருப்பவர்களுக்கு மாம்பால் (வெட்டினால் மரத்தில் வடியும் பால்) பட்டுப் புண்ணாவது புதிதல்ல. 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பெரிய மரங்களைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு வைத்த ஒட்டுக்கன்றுகள் இப்போது கைக்கெட்டாத உயரத்துக்கு வளர்ந்துவிட்டன. காய்ப்பு முடிந்ததும் ஆடியில் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தேன். மறுநாள் இரவே விரலிடுக்கில் அரிப்பு. அதற்கடுத்த நாள் மணிக்கட்டு வரை நீர்கோத்த கொப்புளங்கள். மருத்துவர் களிம்பு கொடுத்தார். இரண்டு வாரத்தில் ஆறியது.

ஆவணியில் முல்லைக்கொடியின் காய்ந்த தண்டுகளை நறுக்கினேன். மாமரத்தின் பக்கமே போகவில்லை. இரண்டாம் நாள் அதே விரலிடுக்கு, அதே கொப்புளம். இந்த முறை என் மனைவிக்கும் மணிக்கட்டில் வந்திருந்தது. அவள் கவாத்துக்கு வந்தவளும் அல்ல, முல்லையைத் தொட்டவளும் அல்ல. என்ன செய்தாய் என்று கேட்டால், "வாழை இலை அறுத்தேன், வேறென்ன?" என்றாள். அறுத்தது என் அரிவாளால்.

"அதைத்தான் அன்றைக்கே கழுவிவிட்டேனே" என்றேன். திண்ணையில் இருந்த பெரியம்மா சிரித்துவிட்டார். "சேராங்கொட்டைக் குறி தண்ணீரில் போகுமா தம்பி? இதுவும் அதன் இனம்தானே."

பெரியம்மாவின் காலத்தில் சலவைக்காரர்கள் வீட்டுக்கு வீடு துணி மாறாமல் இருக்கச் சேராங்கொட்டைச் சாற்றால் புள்ளி வைப்பார்கள். எத்தனை வெள்ளாவி கண்டாலும் அந்தக் கறுப்பு போகாது; அந்தப் புள்ளி உரசியே சிலருக்குத் தோல் புண்ணாகிவிடுவதும் உண்டு. மா, முந்திரி, சேராங்கொட்டை மூன்றும் தாவரவியலில் ஒரே குடும்பம். தோலைப் புண்ணாக்கும் சரக்கு எண்ணெய்ப் பிசுக்கு. தண்ணீருக்கு மசியாது, காய்ந்த பிறகும் வீரியம் போகாது. பட்டவுடன் எரிந்தாலாவது எங்கிருந்து வந்தது என்று தெரியும். ஒவ்வாமையோ ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் தலைகாட்டும். அதற்குள் அரிவாளை நாம் மறந்துவிடுவோம்.

நான் செய்த பெரிய முட்டாள்தனம் வேறு. கவாத்து முடிந்த அன்று அடிபம்பில் அலசிவிட்டு, துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் தேங்காயெண்ணெய் பூசினேன். முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்கள் வேலைக்கு முன் கையில் எண்ணெயோ சாம்பலோ பூசிக்கொள்வார்கள். அது கையைக் காக்க. பால் ஒட்டிய அரிவாளில் பூசினால் பாலும் எண்ணெயும் கலந்து அலகிலிருந்து பிடிவரைக்கும் பரவும். நான் பூசிய துணி ஒன்றே. அரிவாள், கத்தரி, கைரம்பம் எல்லாவற்றுக்கும் அதுவே. இழுகிய புண்ணியம் முழுக்க என்னுடையது.

இந்த முறை எல்லாவற்றையும் கொல்லைப்புறச் சிமெண்டுத் தரையில் பரப்பினேன். மெல்லிய ரப்பர் கையுறை வழியாக இந்த எண்ணெய் ஊறி உள்ளே வந்துவிடும் என்பதால் கனமான பிளாஸ்டிக் கையுறை. காய்ந்த பிசினைப் பழைய செய்தித்தாளால் வழித்தேன். பிறகு மருந்துக்கடை ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்துத் துடைப்பு. அது சட்டென்று தீப்பற்றும் சரக்கு. அதனால் திறந்தவெளியில், அடுப்புக்கு எட்டாத தூரத்தில். பிடியில் தொடங்கி அலகு முனை வரை ஒரே திசையில் துடைத்து, துணி கறுத்ததும் புதுத் துணி எடுத்தேன். கவாத்துக் கத்தரியின் திருகாணியைக் கழற்றியபோதுதான் திகைத்துப்போனேன்: ஸ்பிரிங்கைச் சுற்றிக் கன்னங்கரேலென்று கோந்துபோல் ஒரு படலம். பழைய பல்துலக்கியால் கால்மணி நேரம் தேய்க்க வேண்டியிருந்தது. அதற்கப்புறம் பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம், நிறையத் தண்ணீர், மூன்று தடவை.

இரும்பு எளிதில் வழிக்கு வந்தது. மரப்பிடி வரவில்லை. விரிசலுக்குள் ஊறியதைச் சோப்பு எட்டாது. உப்புத்தாளால் தேய்க்கலாம் என்று எடுத்தேன். தூள் பறந்து கண்ணில் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துச் சோப்புத் தண்ணீரில் நனைத்தே தேய்த்தேன். பாதியில் அலுத்துப்போய்க் கொல்லுப்பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பூவரசில் புதுப்பிடி போட்டுக்கொண்டேன். 150 ரூபாய். பழைய பிடியை அடுப்பில் வைக்க மனம் துடித்தது. வைக்கவில்லை, எரிந்தால் புகையோடு அந்த எண்ணெயும் நெஞ்சுக்குள் போகும். துடைத்த துணிகளோடு சேர்த்துக் கிணற்றிலிருந்து தள்ளி ஒரு குழியில் புதைத்தேன். தொரட்டியின் கயிறும் அதே குழிக்குள் போனது. அன்று உடுத்திய கைலியையும் சட்டையையும் தனியாகச் சோப்புப் போட்டு நானே துவைத்தேன். வேறு யாரும் தொட முன்வரவில்லை.

ஈரம் காய்ந்த பிறகுதான் மறுபடி எண்ணெய், புதுத் துணியில், அலகுக்கு மட்டும். அதன்பின் இரண்டு முறை முல்லைக்கொடியை அதே கத்தரியால் வெட்டிவிட்டேன். கையில் ஒரு தடிப்பும் இல்லை. மனைவிதான் நம்பவில்லை. புதுப்பிடி போட்ட அரிவாளைக் கொண்டுவந்து காட்டியபோது திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது உங்கள் மாமரத்துக்கே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். வாழை இலைக்கு இப்போது தனிக் கத்தி, சமையலறை ஆணியில் தொங்குகிறது.