வெளிறின படம்

"என்ன மோனை, படம் வெளிறிப் போச்சு?"

முற்றத்தில ஒடியல் காயப் போட்டுக்கொண்டிருந்த அம்மம்மா கமராவை எட்டிப் பார்த்துக் கேட்டா. "இதை கனடாவுக்கு அனுப்பிப்போடாத. எனக்குச் சுகமில்லையெண்டு நினைப்பினம்."

வெளிற வைச்சதுதான். காலமை வெயில் அவவுக்குப் பின்னால. வெளிச்சத்தை ஒரு ஸ்டொப்புக்கு மேல, அதாவது இரண்டு மடங்குக்கும் மேல, கூட்டினதில நரைமுடியின்ர ஓரம் பஞ்சு மாதிரி மிதந்தது. நிழல் எங்கயும் கறுக்கேல்லை, இளநீலம் படிஞ்சு நிண்டது.

யப்பான்காரர் இந்த வெளிறின பாணியைப் பிலிமில பழகினவை. கலர் நெகட்டிவ் பிலிம் கூடின வெளிச்சத்தை நல்லாத் தாங்கும். இதுக்கெண்டே பலர் கொண்டாடின பியூஜி புரோ 400எச் பிலிமையும் 2021இல நிப்பாட்டிப்போட்டினம்.

டிஜிட்டல் அப்பிடித் தாங்காது. வெள்ளை ஒருக்கா முழுசா எரிஞ்சால் அதில இருந்தது திரும்ப வராது. ரோவில (கமரா பதப்படுத்தாத மூலக் கோப்பில) எடுத்து, வெள்ளை எரியாமல் பார்த்து, பிறகு நிழலைத் தூக்கி கொன்ட்ராஸ்டை, அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை, குறைக்கிறதுதான் வழி.

எங்கட மத்தியான வெயிலில மட்டும் முயற்சிக்காதேங்கோ. மாரி மப்பு நாளெண்டால் இன்னும் வடிவு.

முகத்துக்கு நேர அடிச்ச பிளாஷும் ஏத்தின சிவப்புமா எங்கட கலியாண அல்பங்கள். அதில பழகின கண்ணுக்கு இது வெறுமையாத்தான் தெரியும். எனக்கெண்டால் அந்த அல்பங்களைத்தான் இப்ப பார்க்கேலாமல் கிடக்கு.