வற்றாப்பளையில் உப்புநீர் விளக்கு

வைகாசி விசாகப் பொங்கலுக்கு முல்லைத்தீவு மாவட்டத்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவிலுக்குப் போகிறவர்களில் பலர் காவடிகளையும் பொங்கல் பொங்கும் வளந்துப் பானையையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஒரு வாரம் முன்னதாகவே போய்ச் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் நிற்க வேண்டும் என்பேன். அங்கேதான் கண்ணகி அம்மனுக்குக் கடலில் தீர்த்தம் எடுக்கிறார்கள். அந்த நீர் முள்ளியவளை காட்டா விநாயகர் கோவிலுக்குப் போகிறது. எண்ணெய் இல்லாமல் உப்புநீரிலேயே அங்கே விளக்கு எரிகிறது என்பது நம்பிக்கை. பிறகு அந்தத் தீர்த்தம் வற்றாப்பளைக்கு வருகிறது. நந்திக்கடல் ஓரத்தில் கிழவி வடிவில் வந்த அம்மன், மாடு மேய்த்த சிறுவர்களிடம் கடல்நீரில் விளக்கேற்றச் சொன்னாள் என்பது கதை.

தீர்த்தக்கரையில் என் பக்கத்தில் நின்றவர் கரைவலை இழுத்துக் கைகள் காய்த்துப்போன முதியவர். குடம் அலையில் நிறையும்வரை பேசாமல் நின்றார்.

"சோளகக் காற்று தொடங்கிவிட்டது தம்பி, மீன்படும் காலம். தொழிலுக்குப் போகிறோம். ஆனால் பொங்கல் முடியும்வரை வீட்டில் மச்சம் கிடையாது."

பிடிக்கிற மீனைத் தொடாமல் விற்றுவிட்டு மரக்கறி சாப்பிடுகிற விரதம். ஊர்ப் பெரிய மனிதர்களின் உபவாசத்தைவிட இது கடினமானது என்று எனக்குப் பட்டது.

கண்ணகி கதையைப் பாடும், ஈழத்தில் வழங்கும் கண்ணகி வழக்குரை என்ற நூலில் கடலோட்டு காதை என்றொரு பகுதி உண்டு. கண்ணகியின் சிலம்புக்குப் பரலாக நாகமணி வேண்டும். அதற்காக மீகாமன் கப்பலேறுகிறான். நெடுந்தீவில் வெடியரசன் மறிக்கிறான், போர் மூள்கிறது. மரபுவழியில் மீகாமன் கரையார் தலைவன், வெடியரசன் முக்குவர் தலைவன்; இரண்டும் கடலோடிச் சமூகங்கள். நெடுந்தீவில் ஓர் இடிபாட்டை இன்றும் வெடியரசன் கோட்டை என்றே காட்டுகிறார்கள். கடலோடிகள் இல்லாவிட்டால் சிலம்பும் இல்லை, வழக்கும் இல்லை, மதுரை எரிந்ததும் இல்லை. ஆனால் வயல்காரர்கள் வகுத்த சாதி வரிசையில் இவர்களுக்குக் கிடைத்த இடம் வேறு. அந்த வரிசையும் ஊருக்கு ஊர் நிறம் மாறும். மட்டக்களப்பில் முக்குவர் நிலவுடைமையும் கோவில் உரிமையும் உள்ள சமூகம். யாழ்ப்பாணத்துக் கரையாரோ கடலையும் கப்பலையும் நம்பி வாழ்ந்ததால் வயல்காரரான வெள்ளாளரின் கட்டுக்குள் முழுதாக அடங்கியதில்லை.

19ஆம் நூற்றாண்டில் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் கண்ணகி வழிபாட்டைச் சமணச் செட்டிச்சி வழிபாடு என்று சாடிய பிறகு, யாழ்ப்பாணத்தில் பல கண்ணகி கோவில்கள் ராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று பெயர் மாற்றிக்கொண்டன. வற்றாப்பளை அசையவில்லை. அதில் எனக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி.

பொங்கலன்று இரவு வீதியில் கால் வைக்க இடமில்லை. 2009 மே மாதம் போர் முடிந்த நந்திக்கடல் அங்கிருந்து கூப்பிடு தூரம். அன்று காணாமற்போனவர்களின் பெயரைச் சொல்லி அழுதபடி கற்பூரச் சட்டி ஏந்தும் தாய்மாரைக் கடந்துதான் வாசலை அடைய வேண்டும். தரிசனம் என்னவோ அரை நிமிடம்தான்.

வெளியே முல்லைத்தீவிலிருந்து வந்த மீன்வியாபாரி அம்மா ஒருவர், கழுத்தில் செபமாலையோடு, நேர்த்திக்கு அரிசி கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். வடக்கின் கடற்கரைகளில் கத்தோலிக்கம் பழையது. 1544இலேயே பிரான்சிஸ் சவேரியாரின் காலத்தில் மன்னார்க் கடலோரத்தார் மதம் மாறினார்கள், அதற்காக யாழ்ப்பாண அரசனின் வாளுக்கும் பலியானார்கள். வேதக்காரராயிருந்தும் அம்மன் கோவிலுக்கு வருவீர்களா என்று கேட்டேன்.

"வைகாசியில் அம்மாளிடம், ஆவணியில் மடு மாதாவிடம். இரண்டு பேரும் பிள்ளைகளைக் கடலுக்கு விட்ட தாய்மாரின் கதை கேட்பவர்கள்தானே, தம்பி. நீங்கள் எந்த ஊர்?"

ஊரைச் சொன்னேன். அங்கே பாரை மீன் என்ன விலை போகிறது என்பதில்தான் அவருக்கு அக்கறை இருந்தது. பஸ் வரும்வரை அதையே பேசிக்கொண்டிருந்தோம்.