கால்நடை பிசியோதெரபி படிக்கணும் என்று கேட்கிற பிள்ளைகளுக்கு

ப்ளஸ் டூ ரிசல்ட் வருகிற சமயத்தில் சொந்தக்காரர்களிடமிருந்து எனக்குப் போன் கூடிவிடும். மற்ற நாளில் கல்யாண வீட்டில் "மாட்டு டாக்டரா" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளிடம் பேசப் போகிறவர்கள்கூட மே மாதத்தில் மரியாதையாகப் பேசுவார்கள். இந்த வருடம் சங்கரன்கோவிலில் இருக்கிற அண்ணன் மகள் கேட்டது கொஞ்சம் புதுசு. "அத்த, நாய்க்குப் பிசியோதெரபி பண்ணுத வேலை இருக்காமே, அதுக்கு எங்க படிக்கணும்?" கண்ணாடித் தொட்டிக்குள் தண்ணீரில் ஒரு லாப்ரடார் ட்ரெட்மில்லில் நடக்கிற வீடியோவைப் பார்த்திருக்கிறாள். வேறு சில பிள்ளைகளும் இதையே கேட்டதால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

இதற்கென்று தனிப் பட்டப்படிப்பு நம் பக்கம் கிடையாது. நேர்வழி கால்நடை மருத்துவப் பட்டமான பி.வி.எஸ்சி.தான். ஐந்தரை வருடம், அதில் ஒரு வருடம் பயிற்சி. திருநெல்வேலிப் பக்கம் ராமையன்பட்டியில் 2012-ல் வந்த கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சென்னை வேப்பேரிக்கும் நாமக்கல்லுக்கும்தான் போகணும் என்ற நிலைமை இப்போது இல்லை (ரேங்க் எங்கே தள்ளுகிறதோ அங்கேதான் இடம், அது வேறு கதை). தமிழ்நாட்டு இடங்களுக்கு ப்ளஸ் டூ மார்க் போதும், அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிற 15 சதவீதத்துக்குத்தான் நீட். அதன் பிறகு அறுவை சிகிச்சைப் பிரிவில் இரண்டு வருடம் எம்.வி.எஸ்சி. பண்ணினால் எலும்பு, மூட்டு, நரம்பு எல்லாம் கைக்குப் பழகும். அமெரிக்காவில் டென்னசி பல்கலைக்கழகம் மாதிரி இடங்கள் நாய்களுக்கான மறுவாழ்வு சிகிச்சையில் சான்றிதழ்ப் படிப்பு வைத்திருக்கின்றன. அதெல்லாம் பிறகு, கையில் காசு சேர்ந்ததும்.

மனிதர்களுக்கான பிசியோதெரபிப் பட்டமான பி.பி.டி. முடித்துவிட்டு விலங்குப் பக்கம் வரலாமா என்று ஒரு பையன் கேட்டிருந்தான். இங்கிலாந்தில் அப்படி வருகிறவர்கள் உண்டு. மனிதர்களுக்கான பிசியோதெரபிஸ்ட் மேற்கொண்டு படித்து நாய்க்கும் குதிரைக்கும் பார்க்கலாம், ஆனால் அங்கேயும் கால்நடை மருத்துவர் பார்த்து அனுப்ப வேண்டும். நம் நாட்டில் 1984-ம் வருடத்துக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி விலங்குக்கு வைத்தியம் பார்ப்பது பதிவு செய்த கால்நடை மருத்துவரின் வேலை. அவர் பக்கத்தில் இருந்து உதவியாக வேலை பார்க்கலாமே தவிர, தனியாக போர்டு மாட்டிக்கொண்டு உட்கார முடியாது. என்னைக் கேட்டால் அந்த வழி வேண்டாம் என்பேன். சட்டம் மட்டும் காரணமில்லை. நாய் நொண்டுகிறது என்று தூக்கிக்கொண்டு வருவார்கள், பார்த்தால் உண்ணிக் காய்ச்சலில் மூட்டு வீங்கியிருக்கும், சில சமயம் எலும்பிலேயே கட்டி இருக்கும். மாடு நொண்டினால் கோமாரியில் குளம்பு வெந்து கிடக்கலாம். இதைக் கண்டுபிடிக்காமல் தேய்த்துவிட ஆரம்பித்தால் என்ன ஆகும்?

சரி, வேலை எப்படி இருக்கும்? வீடியோவில் வருகிற தொட்டியை மறந்துவிடுங்கள், நம் ஊரில் முதல் நோயாளி பசுமாடுதான். வீரவநல்லூர்ப் பக்கம் ஒரு கலப்பினப் பசு, கன்று போட்ட மறுநாள் படுத்தது, எழுந்திருக்கவில்லை. கால்சியம் குறைந்து வருகிற பால் காய்ச்சல். மருந்தை ரத்தக் குழாயில் மெதுவாக ஏற்றினால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் எழுந்துவிடும். இது எழவில்லை, காரணம் தரை. முந்நூறு நானூறு கிலோ உடம்பு சிமெண்டுத் தரையில் ஒரே பக்கமாகக் கிடந்தால் அடியில் மாட்டின தொடைச் சதைக்கு ரத்தம் ஓடாது, நரம்பு நசுங்கும், கால்சியம் சரியான பிறகும் கால் பேச்சுக் கேட்காது. அங்கே பாட்டில் பாட்டிலாக ஏற்றி என்ன பிரயோஜனம்? மணலும் வைக்கோலும் கனமாகப் பரப்பி அதன் மேல் மாற்றி, நெஞ்சை ஊன்றி நிமிர்ந்து கிடக்கும்படி இரண்டு பக்கமும் வைக்கோல் திணித்த சாக்கை அண்டக் கொடுத்தோம். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் போடணும், ராத்திரியிலும். ஒவ்வொரு தடவையும் மேலே வந்த காலை மடக்கி நீட்டி, குளம்பிலிருந்து தொடையை நோக்கி அழுத்தித் தேய்க்கணும்.

அந்த வீட்டு ஆச்சி நான் செய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார், அப்புறம் "தள்ளும்மா" என்று உட்கார்ந்துவிட்டார். மடக்கும்போது எந்த இடத்தில் மாடு காதைப் பின்னால் இழுத்ததோ அங்கேயே நிறுத்துவார், கொஞ்சம் விட்டுக் கொடுத்து மறுபடியும் மடக்குவார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மாடு எழும்போது பின்பக்கத்தைத்தான் முதலில் தூக்கும், அதனால் ஆட்கள் சேர்ந்து இடுப்பில் கை கொடுத்தால் போதும், கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் வேறு இடத்தில் நசுங்கும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அந்த மாடு எழுந்துவிட்டது. எல்லா மாடும் எழாது, நாள் போகப் போக நம்பிக்கை குறையும், அதையும் வீட்டுக்காரர்களிடம் நாம்தான் சொல்லணும்.

நாய்க்கு வருவோம். பாளையங்கோட்டை வீடுகளில் வாக்கிங் போகாமல் பிஸ்கட் தின்று பெருத்த லாப்ரடார்கள், முதுகு டிஸ்க் நழுவின டாஷண்ட், கிராமத்திலிருந்து பைக்கில் அடிபட்டு வருகிற கன்னி, சிப்பிப்பாறை நாட்டு நாய்கள். தண்ணீர் ட்ரெட்மில் நல்ல கருவிதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். இடுப்பு மூட்டு அளவுக்குத் தண்ணீர் நின்றால் நாயின் கால்கள் அதன் எடையில் சுமார் 38 சதவீதத்தைத்தான் தாங்க வேண்டியிருக்கும், அதனால் வலியில்லாமல் நடை பழகும். அது இல்லாத இடத்திலும் செய்ய நிறைய இருக்கிறது. தொடையை இன்ச் டேப்பால் அளந்து குறித்து வைத்தால் சதை கரைகிறதா கூடுகிறதா என்று தெரிந்துவிடும். வழுக்குகிற டைல்ஸ் தரையில் கயிற்றுப் பாய் விரிக்கச் சொன்னாலே பாதிப் பிரச்சினை தீர்கிற நாய்கள் உண்டு. பம்புசெட் தொட்டியில் நடக்கவிட்டு நாயைத் தேற்றினவரும் இருக்கிறார். தையல் பிரித்துப் புண் ஆறிய பிறகு என்றால் சரி, அதற்கு முன்னால் தண்ணீரே ஆகாது.

நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதியை நம் ஊரில் மறக்க முடியாது. மூட்டுவலிக்காக 2022-ல் பக்தர்கள் தோல் செருப்பு செய்து போட்டார்கள், ஊரே வேடிக்கை பார்த்தது, 2025 ஜனவரியில் படுத்தவள் எழ முடியாமல் போய்ச் சேர்ந்தாள். அவ்வளவு பெரிய உடம்புக்கு மூட்டு என்ன பாடுபடும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டதை அப்போதுதான் கேட்டேன்.

வருமானத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. திருநெல்வேலியில் பிசியோதெரபியை மட்டும் வைத்துக்கொண்டு பிழைக்க முடியாது, இப்போதைக்கு. ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்து நாயின் காலைப் பிடித்துவிட்டு எழுந்தால், "ஊசி போடலையா டாக்டர்?" என்றுதான் கேட்பார்கள். ஊசிக்கு நீட்டுகிற காசை நம் கைக்கு நீட்டத் தயங்குவார்கள். அரசு வேலையோ சொந்தக் கிளினிக்கோ வைத்துக்கொண்டு, அதற்குள்ளே இதைச் செய்யலாம். சென்னை, பெங்களூர் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும்.

இதற்குப் பிறகும் ஆசை இருக்கிறது என்றால், விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மேலப்பாளையம் சந்தைக்குப் போய் நில்லுங்கள். ஆடு மாடு நடக்கிறதை மட்டும் பாருங்கள். முன்னங்காலில் வலி இருந்தால் அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் படும்போது தலை இறங்கும். இரண்டு மணி நேரம் வெயிலில் நின்று அதைப் பார்க்க அலுப்பாக இருந்தால் வேறு படிப்பு எவ்வளவோ இருக்கிறது. அண்ணன் மகளிடமும் இதைத்தான் சொன்னேன், அடுத்த வாரம் வருகிறாளாம், அண்ணனுக்குத்தான் சந்தை நாற்றத்தை நினைத்து இப்போதே முகம் சுளிக்கிறது.