ஸ்பீக்கரில் கேட்டது, பதிவில் இல்லை

பதினாறு மைக்கும் ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டன. கணினித் திரையில் எட்டு ட்ராக்குகளின் மீட்டர்தான் ஆடியது. ஒன்பதிலிருந்து பதினாறு வரை அசைவே இல்லை. ஒத்திகைக்கு வந்தவர்கள் கருவிகளோடு காத்திருந்தார்கள். அன்று தேடித் தேடிக் கண்டுபிடித்ததை எழுதி வைக்கிறேன். இதே இடத்தில் மாட்டிக்கொள்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

மிக்ஸர், பெஹ்ரிங்கர் எக்ஸ்32. அதன் யூஎஸ்பி கார்டு ஒரே கேபிளில் 32 சேனல்களைக் கணினிக்கு அனுப்பும், அதே நேரத்தில் 32 சேனல்களைத் திரும்ப வாங்கவும் செய்யும். கணினியில் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள். முதலில் மென்பொருளில் இரண்டு இன்புட் மட்டும் தெரிந்தது. விண்டோஸின் வழக்கமான ஆடியோ வழியில் போனதால் வந்தது அது. கார்டின் எல்லாச் சேனல்களையும் மென்பொருளுக்கு நேராகக் கொடுக்கும் ஏஎஸ்ஐஓ டிரைவரைப் போட்டு, ரீப்பரின் ஆடியோ டிவைஸ் பக்கத்தில் அதைத் தேர்ந்தெடுத்ததும் 32 இன்புட்டும் வந்துவிட்டன. மிக்ஸரிலும் ப்ராஜெக்டிலும் சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளப்பது) 48,000 என்று ஒன்றாக வைத்தேன். சரி, இனி பதிவு செய்ய வேண்டியதுதான் என்று நினைத்தபோதுதான் அந்த எட்டு ஊமை ட்ராக்குகள்.

கேபிளை மாற்றினேன், டிரைவரை மறுபடி நிறுவினேன், கணினியை அணைத்துப் போட்டேன். பயனில்லை. அப்புறம் பொறுமையாக ஒரு வேலை செய்தேன். ஒன்பதாவது மைக்கின் வலைமூடியை நகத்தால் மெல்லத் தட்டி, தட்டுகிற சத்தம் எங்கெல்லாம் போகிறது என்று பார்த்தேன். மிக்ஸரின் சேனல் மீட்டரில் பச்சை விளக்கு எழுந்தது. ஸ்பீக்கரில் டொக் டொக் கேட்டது. ரீப்பரில் ஒன்றுமில்லை. ஆக, ஒலி மிக்ஸருக்குள் வந்துவிட்டது, கார்டுக்குப் போகவில்லை.

எக்ஸ்32-இன் ரூட்டிங் பக்கத்தைத் திறந்தால் இன்புட், கார்டு என்று தனித்தனித் தாவல்கள் இருக்கும். இன்புட் தாவல், சேனல்களுக்கு ஒலி எங்கிருந்து வர வேண்டும் என்று சொல்வது. கார்டு தாவல், கணினிக்கு எதை அனுப்ப வேண்டும் என்று சொல்வது. இரண்டும் எட்டெட்டாகக் கட்டிய தொகுதிகள். ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது. இதுதான் எனக்குப் புரியாமல் இருந்தது. முந்தைய நிகழ்ச்சியில், மேடையில் வைத்து மைக்குகளைச் செருகும் ஸ்டேஜ் பாக்ஸ் என்ற பெட்டியைப் பயன்படுத்தியிருந்தோம். இன்புட் தாவலை லோக்கலுக்கு, அதாவது மிக்ஸரிலேயே உள்ள மைக் இணைப்புகளுக்கு, மாற்றிய நான், கார்டு தாவலில் 9-16 தொகுதி இன்னும் ஏஇஎஸ்50 (ஸ்டேஜ் பாக்ஸ் இணைப்பு) என்றே இருப்பதைக் கவனிக்கவில்லை. மேடையில் இல்லாத பெட்டியிலிருந்து ஒலி வரும் என்று கார்டு காத்துக்கொண்டிருந்தது. லோக்கல் 9-16 என்று மாற்றினேன். மறுபடி நகத்தால் தட்டினேன். ஒன்பதாவது ட்ராக் குதித்தது.

இப்படி லோக்கலிலிருந்து நேராகக் கார்டுக்குப் போகும் ஒலி, மைக் ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்பைத் தாண்டியதும் பிரிந்துவிடுகிறது. ஈக்யூ, கம்ப்ரஸர், ஃபேடர் எதுவும் பதிவில் விழாது. ப்ரீஆம்பில் வைக்கும் பெருக்க அளவான கெயின் மட்டும் விழும். அதனால் கெயினை நிதானமாக வைக்க வேண்டும். நான் சராசரி -18, உச்சத்தில் -10 டெசிபல் அளவில் நிற்கும்படி வைத்தேன். பஃபரை (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலி அளவு) 1024 சாம்பிளுக்கு ஏற்றிவிட்டேன். பாடுபவர் தன் குரலை மிக்ஸரிலிருந்தே கேட்கிறார், கணினியைச் சுற்றி வருவதில்லை. எனவே தாமதத்தைப் பற்றிக் கவலையில்லை, பதிவும் இடையில் அறுபடாது. 24 பிட்டில் பதினாறு ட்ராக்குகள் மணிக்கு சுமார் 8.3 ஜிபி இடம் பிடிக்கும். டிஸ்க்கில் இடத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நான் இதற்கெல்லாம் மெனக்கெட்டது திரும்பி வரும் பாதைக்காகத்தான். பதிவான ட்ராக்குகளை அதே சேனல்களுக்குள் அனுப்பினால், பாடகர் மைக் முன் நிற்காமலேயே ஒலிச்சோதனை செய்யலாம். ரீப்பரில் ஒவ்வொரு மைக் ட்ராக்கிலும் மாஸ்டர் செண்டை (மொத்தக் கலவைக்கு ஒலி போகும் வழி) எடுத்துவிட்டு, அதே எண்ணுள்ள ஹார்டுவேர் அவுட்புட்டைக் கொடுத்தேன். மிக்ஸரில் இன்புட் தாவலை லோக்கலிலிருந்து கார்டுக்கு மாற்றினேன். அந்த நொடியில் ஸ்பீக்கர் ஊளையிட்டது. கை தானாக மெயின் ஃபேடருக்குப் போய் இறக்கிவிட்டது.

முழு மிக்ஸையும் சேர்த்துப் பதிவு செய்ய ஆசைப்பட்டு, கார்டின் 17-24 தொகுதிக்கு அவுட் 9-16 கொடுத்திருந்தேன். அவுட் 15, 16 என்பது மெயின் இடது, வலது. அந்த இரண்டு ட்ராக்குகளில் மட்டும் ரெக்கார்ட் மானிட்டரிங் (உள்ளே வரும் ஒலியை உடனே வெளியே அனுப்புவது) திறந்தே இருந்தது, மாஸ்டர் செண்டையும் எடுத்திருக்கவில்லை. மாஸ்டர் போவது 1, 2 அவுட்புட்டுக்கு. மெயினில் வருவது கணினிக்குள் போய், முதல் இரண்டு சேனல் வழியாக மறுபடி மெயினுக்கே வந்து, சுற்றிச் சுற்றிப் பெருகிவிட்டது. மைக்கே இல்லாமலும் ஊளை வரும் என்று அன்றுதான் கண்டேன். மானிட்டரிங்கை மூடினேன், மாஸ்டர் செண்டை எடுத்தேன். இப்போது இன்புட்டைக் கார்டுக்கு மாற்றும் முன் மெயின் ஃபேடரை முழுக்க இறக்கிவிடுகிறேன். பதிவுக்கு ஒன்று, ஒலிச்சோதனைக்கு ஒன்று என இரண்டு ரூட்டிங் ப்ரீசெட்டும் சேமித்து வைத்திருக்கிறேன்.

ஒத்திகை முடிந்ததும் பாடகரை அரங்கின் கடைசி வரிசைக்குப் போகச் சொல்லி, ப்ளே அழுத்தினேன். ஆளில்லாத மேடையிலிருந்து அவர் குரல் வந்தது. கொஞ்ச நேரம் கேட்டார். "குரல் கொஞ்சம் அடைச்ச மாதிரி இருக்குங்க" என்றார். 300 ஹெர்ட்ஸ் பக்கம் மூன்று டெசிபல் குறைத்தேன். "ஆங், இப்ப சரியா இருக்கு" என்று அங்கிருந்தே கையைத் தூக்கினார்.